செவலை மாடு

“ஒரு வருசம் வெளிநாடு சுத்தியிருக்கறே, பத்துப் பைசா செலவில்லாம. எப்படி மாப்ளே?”

விருந்துக்குக் கருமத்தம்பட்டியிலிருந்து வந்திருந்த மயில்சாமி மாமா கேட்டார்.

“ஏஜென்ட் சொல்ற எடத்துல வேலை செஞ்சா டிக்கெட், சோறு, படுக்கை எல்லாம் சும்மாங்க மாமா. ஒரு ரூமுக்குப் பன்னெண்டு பேரு.”

“போட்டோ ஒண்ணுகூடக் காட்ட மாட்டேங்கறயே?”

“போன் தொலைஞ்சுபோச்சுங்க.”

“போகுது உடு. அந்த ஏஜென்ட்டைத் தேடிப்புடிச்சு எம்பையன் ரவிக்குமாரையும் போன வாரம் ஏத்தி உட்டுப்போட்டேன். அவனும் நாலு ஊரு பாக்கட்டும்.”

எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தேன்.

“ரவி பேசினானுங்களா?”

“நேத்துப் பேசினான். சந்தோசமா இருக்கறேன், கவலைப்படாதீங்கன்னான். அப்புறம் ‘செவலை மாடு கன்னு போட்டுருச்சுங்களா’ன்னு கேக்கறான்! தறி ஓட்டற எங்கூட்டுல ஏது மாடு?”

“எழிலும் அங்கிருந்து வாராவாரம் இதையேதான் கேப்பான்,” என்று என்னைக் காட்டி அம்மாவும் சிரித்தாள்.

செவலை மாடு எங்களுடையது.

நான் எந்த ஊரையும் சுற்றவில்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஆன்லைன் மோசடி வேலைக்காக ஒரே கட்டடத்தில் வருடம் முழுக்கப் பூட்டி வைத்திருந்தார்கள். தப்பி வந்த பின் வெளியே சொல்ல வெட்கப்பட்டுச் சுற்றுலா என்றேன்.

வீட்டில் என்ன பேசப்போகிறோம் என்பதை அங்கே முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும். நான் எழுதிய தாளைக் காவலாளி போனுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தான்.

இனி வரும் தமிழ் ஆட்கள் எல்லோரும் அதையே படித்தால் போதும் என்றான்.