எதையும் மாத்திடாதீங்க

“அங்கிள் எப்படி இருக்குன்னு கேட்டா என்ன சொல்லணும்?”

“சூப்பரா இருக்குன்னு சொல்லணும்.”

“அப்புறம்?”

“தேங்க்ஸ் சொல்லிட்டுப் பூவைக் குடுக்கணும்.” மகள் ஷூ நுனியால் தரையைத் தேய்த்தாள். “ஆனா சூப்பரா இல்லையேம்மா.”

“இல்லாட்டியும் சொல்லணும்.”

“பொய் சொன்னா நாக்குல கொப்புளம் வரும்னு நீதானே சொன்ன?”

அம்மா பூங்கொத்தின் ரிப்பனைச் சரிசெய்தாள். வீட்டில் அந்தப் பெண்ணுக்குப் பட்டாசு என்று பெயர். எங்கே எப்போது வெடிப்பாள் என்று பெற்றவர்களுக்கே தெரியாது. இன்றைக்கு மட்டும் நமத்துப்போய் இருந்தால் தேவலை.

பட்டாசுக்குக் கோதுமை ஆகாது. அதில் இருக்கும் குளூட்டன் என்கிற சமாசாரம் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். பிறந்தநாள் வீடு ஒன்றில் யாரோ ஆசையாக ஊட்டிவிட்ட பாதி பிஸ்கட், ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய் விட்டது. அன்றிலிருந்து அம்மா எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் அதன் பொடி எழுத்தை இரண்டு தரம் படிப்பாள்.

மற்ற பேக்கரிகள் எல்லாம் கையை விரித்தபோது, இந்தப் பேக்கரிக்காரர் ஒருவர்தான் “செஞ்சு பார்க்கலாம்மா” என்றார். கடைக்கு இருக்கிற ஒரே விடுமுறை நாளில் மேஜை, தட்டு, தரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு, தனி அடுப்பில் அரிசி மாவையும் சோள மாவையும் கலந்து பிரெட் சுட ஆரம்பித்தார். அன்றைக்குக் கோதுமைக்கு அந்தக் கட்டடத்தில் இடமே கிடையாது. விஷயம் பரவி, இன்னும் மூன்று அம்மாக்கள் சேர்ந்துகொண்டார்கள்.

பிரெட் என்னவோ செங்கல்தான். பாலில் ஊறவைத்தால்தான் பல்லுக்கு வழிவிடும். காற்றில் அடிக்கிற கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்பார் பட்டாசின் அப்பா. ஆனால் வாராவாரம் அந்த மனுஷர் மாவு படிந்த மீசையோடு, “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்கும்போது யாருக்கு மனசு வரும்? “பிரமாதம் அண்ணா, எதையும் மாத்திடாதீங்க” என்பாள் ஒருத்தி. மற்றவர்கள் வேகமாகத் தலையாட்டுவார்கள். மனம் நொந்து நிறுத்திவிட்டால் டிபன் பாக்ஸில் எதை வைப்பது?

லீவு நாளில்கூட அடுப்படியா என்று அவர் மனைவி வேறு முணுமுணுப்பதாகக் கேள்வி. அதனால்தான், ஆரம்பித்து வருஷம் ஒன்று ஆன சாக்கில் இந்தப் பூங்கொத்து.

விடுமுறை என்பதால் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நான்கு அம்மாக்களும் பட்டாசும் குனிந்து உள்ளே போனார்கள். ஆளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல, பேக்கரிக்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டாசு முன்னால் போய்ப் பூங்கொத்தை நீட்டினாள்.

“பாப்பா, அங்கிள் பிரெட் எப்படி இருக்கு?”

பட்டாசு அம்மாவைப் பார்த்தாள். நாக்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“தேங்க்ஸ் அங்கிள். ஆனா கல்லு மாதிரி இருக்கு.”

அம்மாவுக்குக் காது இரண்டும் சுட்டது. “ஐயோ, அவ விளையாட்டுக்குச் சொல்றா அண்ணா. வீட்டுல சண்டை போட்டுச் சாப்பிடுவா.”

“பால்ல போட்டாதான் சாப்பிடுவேன்” என்றாள் பட்டாசு. “இல்லேன்னா பல்லு வலிக்கும்.”

பேக்கரிக்காரர் பூங்கொத்தை மேஜைமேல் வைத்தார். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

“நல்லா வளர்த்திருக்கீங்க பொண்ணை” என்றாள் பக்கத்தில் இருந்தவள், பல்லைக் கடித்தபடி. “இனி நாலு வீட்டுப் பிள்ளைங்களும் வாயைக் கட்ட வேண்டியதுதான்.”

அம்மாவால் தலை நிமிர முடியவில்லை. நாளைக் காலை, காலி டிபன் பாக்ஸ், அவள் முன்னால் வந்து நின்றது.

அவர் திரும்பி வந்தபோது கையில் துணி போர்த்திய ஒரு தட்டு. துணியை விலக்கினார். பொன்னிறத்தில் ஒரு பிரெட். விரலால் அழுத்தினார், அமுங்கி, பஞ்சுபோல எழும்பியது. ஒரு துண்டு பிய்த்துப் பட்டாசிடம் கொடுத்தார். அவள் சாப்பிட்டாள். மறுபடி கையை நீட்டினாள்.

“இதுலயும் கோதுமை கிடையாதும்மா, பயப்படாதீங்க. அதே மாவு, பக்குவம் வேற. லீவு நாள்ல நாங்க சாப்பிடறதே இதைத்தான்” என்றார். “ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே இது கைக்கு வந்துடுச்சு.”

“அப்ப ஏன் அண்ணா எங்களுக்கு...?”

“நீங்கதானேம்மா எதையும் மாத்தாதீங்கன்னு வாராவாரம் கெஞ்சுனீங்க? என் வீட்டுக்காரி தலையில அடிச்சுக்கறா, அந்தக் கல்லை இன்னுமா சுடறீங்கன்னு. நான் என்ன பண்றது? கோதுமை ஆகாதவங்களுக்கு நாக்கே வேற மாதிரி போலன்னு நினைச்சுக்கிட்டேன்.”

பல்லைக் கடித்தவள்தான் முதலில் சிரித்தாள். அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை.

எல்லாருக்கும் ஒரு துண்டு கிடைத்தது. “எப்படிம்மா இருக்கு?” என்றார் பழக்கதோஷத்தில்.

“பிரமாதம் அண்ணா!” நான்கு அம்மாக்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. பட்டாசுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். “நீ சொல்லு பாப்பா.”

அவள் நிதானமாக மென்று முடித்தாள். “உப்பு கொஞ்சம் கம்மி.”

பேக்கரிக்காரர் எழுந்து, மேஜைமேல் இருந்த பூங்கொத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“தேங்க்ஸ்” என்றார்.