கட்டைவிரல் அளவு

எழுதிப் பழகாத கை இது. அச்சில் ஏறும் தகுதி இதற்கு உண்டா என்ற தயக்கத்தோடுதான் தொடங்குகிறேன். பிழை தென்பட்டால் வாசகர்கள் பெரிய மனது வைத்துப் பொறுத்தருள வேண்டும்.

"உங்க கையைக் காட்டுங்க," என்றார் குடும்பநல நீதிமன்றத்தின் ஆலோசகர் அம்மையார். டயர் கடைக்காரர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். எவ்வளவு தேய்த்தும் போகாத கருமை நகக்கண்களில் இருந்தது.

அம்மையார் அவருடைய பத்து வயது மகளின் சட்டைக் கையை மெல்ல உயர்த்தினார். தோளுக்குச் சற்றுக் கீழே வட்டமாக, கருநீலமாகக் கன்றியிருந்தது. தந்தையின் கட்டைவிரலை அதன்மேல் வைத்தால் அச்சாகப் பொருந்தும்.

பெற்றோர் பிரிந்தபின், வார இறுதியில் மட்டும் மகள் தந்தையிடம் தங்கி வந்தாள். அங்கிருந்து திரும்பும்போதெல்லாம் அதே இடத்தில் அதே தடம் இருப்பதாகத் தாய் முறையிட்டிருந்தார். தாய் மருந்துக் கடையில் மருந்தாளுநர். முன்பு ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்காமல் எவருக்கும் மாத்திரை தராதவர் எனப் பெயரெடுத்தவர். அத்தகையவரின் சொல்லை ஐயுற யாருக்கும் தோன்றவில்லை.

"அப்பா அடிக்கல ஆன்ட்டி," என்றாள் மகள். "அதுவா வருது. முதல்ல அரிக்கும், எரியும். அப்புறம் கறுத்துடும்."

"அதுவா எப்படிடா கண்ணு வரும்?"

டயர் கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வாண்டுக்கு அந்த இடத்துல சின்னதுலேருந்தே லேசா ஒரு கறை உண்டும்மா. நான் லாரியில ஊர் ஊராப் போயிட்டிருந்த காலம். திரும்பி வந்தப்ப பார்த்தேன். மச்சம்னு நெனச்சுக்கிட்டேன்."

"மச்சம் வாராவாரம் வீங்குமா?" என்றார் அம்மையார்.

தந்தை, மகளைத் தாம் பார்த்துக்கொள்ளும் விதத்தைப் பணிவாக எடுத்துரைத்தார். தாய் சொல்லியனுப்புவதில் ஒன்றையும் மீறியதில்லை என்றார். மகளின் இடுப்பிலிருந்த படர்தாமரைக்காகத் தாய் பையில் வைத்தனுப்பும் வாரம் ஒரு மாத்திரையைச் சனிக்கிழமை இரவு உணவுக்குப் பின் தவறாமல் கொடுப்பதாகவும், தலைவாரிவிடக்கூடக் கற்றுக்கொண்டதாகவும் கூறினார்.

"கோணல் வகிடுதான் எடுப்பாரு," என்று மகள் சிரித்தாள். தாய் கைக்குட்டையால் கண்களை ஒற்றிக்கொண்டார். அதைக் கண்டு அம்மையாரின் கண்களும் கலங்கின.

தந்தை இனி மகளைச் சந்திக்கலாகாது என்று உத்தரவாயிற்று. அந்த மனிதர் இழந்தவை இவை: சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, தெருவில் இருந்த நல்ல பெயர், ஒரு கோணல் வகிடு. மகள் இழந்தது ஒன்றே. நீதிமன்றப் படியில் அவர் கையசைத்தபோது, பதிலுக்குக் கையசைக்க அவளை விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மகள் மருந்துக் கடையின் முக்காலியில் அமர்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். படர்தாமரை என்று வந்த பெரியவர் ஒருவருக்கு அதே மாத்திரையை எடுத்துக் கொடுத்த தாய், வழக்கம்போல் பொறுமையாக எச்சரித்தார்.

"சில பேருக்கு இது ஒத்துக்காதுங்க ஐயா. ஒரே இடத்துல வட்டமா அரிச்சு, கறுத்துத் தடிக்கும். அப்படி வந்தா அடுத்த மாத்திரை போடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. எத்தனை வருஷம் கழிச்சுப் போட்டாலும் பழைய கறை இருந்த அதே இடத்துலதான் மறுபடி கன்றும். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

பெரியவர் நன்றி கூறி, இப்படிச் சொல்லித் தருபவர்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் என்று வியந்தபடி படியிறங்கினார்.

மகள் சட்டைக் கைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். இந்த வாரம் எரிச்சல் இல்லை.

"அம்மா, இன்னைக்குச் சனிக்கிழமை. என் மாத்திரை?"

தாய் சீப்பை எடுத்து, மகளின் வகிட்டை நூல் பிடித்தாற்போல் நேராக எடுத்துவிட்டார்.

"இனிமே வேணாம்டா. ரெண்டு வயசுலயே அது உனக்கு ஒத்துக்கலையே."