ஆயிரமாவது கையெழுத்து

"ஆயிரம் கையெழுத்து வேணும்னா மூவாயிரம் வாங்கிட்டு வரணும். ஆயிரத்து நாற்பதோட வந்து நிக்கிறியே, உனக்கு இதுகூடத் தெரியாதா?"

தேர்தல் அலுவலகத்தின் விசாரணை அறையில், பின்வரிசை நிருபர்களுக்கும் கேட்கட்டும் என்றே டெரிக் ஸ்லோன் குரலை உயர்த்தினார். முன்னாள் கவர்னர் வெண்டெல் ஹாஸ்கின்ஸ் அமெரிக்க அதிபர் பதவிக்கு நடத்தும் பிரசாரத்துக்கு அவர்தான் மேலாளர். திட்டு வாங்கிய மார்னி ஓல்சன், முப்பது வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். கவர்னர் மேல் உள்ள பிரியத்தில் சம்பளம் வாங்காமல் உழைக்கிறவள்.

மூவாயிரமும் வாங்கியிருப்பாள். ஆனால் தலைமையகத்திலிருந்து டெரிக் முதலில் அனுப்பிய படிவங்களில் போன தேர்தலின் தேதி அச்சாகியிருந்தது. சரியான படிவம் வந்து சேர்ந்தபோது கெடு முடிய ஒன்பது நாள்தான் பாக்கி. அதைச் சொல்ல வாயெடுத்தாள். டெரிக் கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

அந்தப் பிரசாரத்தில் நடந்த கூத்துகளைச் சொல்லி மாளாது. சொந்த மாநிலத்து டிவி விளம்பரத்திலேயே கவர்னர் தலையில் பக்கத்து மாநில அமெரிக்கக் கால்பந்து அணியின் ஹெல்மெட்டை மாட்டிவிட்டார்கள். இங்கே அது பெற்ற தாயைத் திட்டுவதற்குச் சமம். இன்னொரு நாள் அவருடைய பேருந்து கூட்டம் நடக்க வேண்டிய ஊரின் பெயரையே கொண்ட வேறொரு ஊருக்குப் போய் நின்றது. இங்கே நானூறு பேர் காத்திருந்து, ஆறிப்போன பன்றி இறைச்சி சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொரு முறையும் டெரிக் யாராவது ஒருவரைப் பலி கொடுத்துவிட்டுத் தான் தப்பித்துக்கொண்டார். இதுவரை ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. ஏழாவது ஆள் யார் என்பதில் மார்னிக்குச் சந்தேகமே இல்லை.

மாநில விதி எளிமையானது. கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலின் வாக்குச்சீட்டில் பெயர் வர, உள்ளூர் வாக்காளர்களின் செல்லத்தக்க கையெழுத்து ஆயிரம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெயர் கிடையாது. புதிதாக ஒன்று சேர்க்கவும் முடியாது, கெடு முடிந்துவிட்டது. சொந்த மாநிலத்து வாக்குச்சீட்டிலேயே இடம் கிடைக்காதவருக்கு நாட்டில் வேறு யார் ஓட்டுப் போடுவார்கள்?

அதே கட்சியில் கவர்னரை எதிர்த்துப் போட்டியிடும் செனட்டரின் வழக்கறிஞர் பெட்ரா லிண்ட் காலையிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். இவர் வாக்காளர் பட்டியலில் இல்லை என்றாள். இது கணவருக்காக மனைவி போட்டது என்றாள். தேர்தல் அதிகாரி அம்மாள் கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, சரிதான் என்று பென்சிலால் அடித்தார்.

ஒவ்வொரு கோட்டையும் மார்னி தன் தாளில் எண்ணிக் குறித்துக்கொண்டாள். மளிகைக் கடை வாசலில், பனியில் மை உறைந்துவிடாமல் இருக்கப் பேனாவைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு நின்று வாங்கிய கையெழுத்துகள் அவை. டெரிக்கோ நிருபர்கள் பக்கம் சாய்ந்து அவளுடைய பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாற்பது கையெழுத்து போனது. எண்ணிப் பார்த்தார்கள். சரியாக ஆயிரம் மிஞ்சியது.

காலையிலிருந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த கவர்னர் மார்னியின் தோளைத் தட்டினார். "போதும் மார்னி. ஆயிரம் இருக்கு. நீதான் என்னைக் காப்பாத்தினே."

மார்னிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது பெட்ரா மறுபடியும் எழுந்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. இதைப் போட்டவர், அதுக்கு முன்னாடியே எங்க செனட்டர் படிவத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கார்."

அந்த மாநிலத்தில் ஒரு வாக்காளர் ஒரே ஒருவருக்குத்தான் கையெழுத்துப் போடலாம். இரண்டு போட்டால் முந்திய தேதிதான் செல்லும். கவர்னர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

டெரிக் மார்னி மேல் பாய்ந்தார். "ரெண்டு பக்கமும் கை நீட்டின அந்த மடையன் யாரு? வேற எங்கயாவது போட்டிருக்கீங்களான்னு கேட்டுட்டுத்தானே பேனாவைக் கொடுக்கணும்? உன் ஒருத்தியால இந்தப் பிரசாரமே நாசமாப் போச்சு. வெளியே போ."

மார்னி நகரவில்லை. அதிகாரி அம்மாள் அவளைப் பார்த்து, கேட்டாயா இல்லையா என்று அமைதியாக விசாரித்தார்.

"எல்லார்கிட்டயும் கேட்டேங்க," என்றாள் மார்னி. "ஒருத்தர்கிட்ட மட்டும் கேட்கல. அவரைக் கேட்க எனக்குத் தைரியம் வரல."

"முதல் பக்கம், முதல் வரி," என்றாள் பெட்ரா.

அதிகாரி அம்மாள் படிவத்தைப் புரட்டினார். ஒரு முறை படித்தார். நம்ப முடியாமல் மறுபடியும் படித்தார். பிறகு தலை நிமிர்ந்து, மார்னிக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்.

"டெரிக் ஸ்லோன்."

பெட்ரா கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னாள். "ஆகஸ்ட் வரைக்கும் இவர் எங்க மேலாளரா இருந்தாருங்க. எங்க படிவத்துலயும் முதல் கையெழுத்து இவரோடதுதான்."