மேலுதட்டில் களிமண்

கடல் கடந்து சீனத் துறைமுகத்துக்கு வந்திருந்த சிற்பி மாசாத்தன், அங்கே குவான்யின் என்று வணங்கப்படும், பௌத்தர்களின் கருணைத் தெய்வமான அவலோகிதனைக் கோயிலுக்காகக் கருங்கல்லில் செய்துகொடுத்தான். தன் ஊர் வழக்கப்படி மெல்லிய மீசையும் வைத்தான். சில நாட்களிலேயே சிலையின் மேலுதட்டில் யாரோ களிமண்ணை அப்பத் தொடங்கினார்கள். திட்டிக்கொண்டே அவன் கழுவிவிடுவான். மறுநாள் மீசை மறுபடியும் மறைந்திருக்கும்.

ஒரு விடியலில் தூணுக்குப் பின்னால் நின்று கையும் களவுமாகப் பிடித்தான். மீன் விற்கும் சூலான் என்ற பெண். அவள் கட்டைவிரலில் களிமண் ஈரமாக இருந்தது.

"சாமி மூஞ்சியில மண்ணைப் பூசறியே, உனக்கு என்ன திமிரு?"

"திமிரு இல்லைங்க ஐயா. புள்ள போயிடுச்சு. பால் மட்டும் இன்னும் சுரந்துக்கிட்டே இருக்கு. மீசை வச்ச ஆம்பளைகிட்ட இதை எப்படிங்க சொல்றது?"

இலக்கணப்படி முடித்த சிலையில் மறுபடி உளி வைப்பது அவன் குலத்தில் பாவம். அவள் போனபின் வைத்தான். மீசை போனதும் தாடை முரடாகத் தெரிந்தது; அதையும் இழைத்தான். பிறகு தோள்களை.

கல்தூளை ஊதிவிட்டு வழக்கம்போலக் கைகூப்பினான். 'அப்பனே, கை நடுங்காமல் பார்த்துக்கொள்.' இத்தனை வருடங்களாக அவன் கேட்டுவந்தது அது ஒன்றுதான். இன்று அது வாயில் வரவில்லை.

"அம்மா," என்றான். "எனக்கு ஊருக்குப் போகணும்."