நீங்கள் இல்லாவிட்டால் யாரிடம்?

குக்கருக்கு கேஸ்கட் வேண்டும் என்று போனிடம் சொன்னதோடு தயாபரனின் வேலை முடிந்தது. ஆர்டர் படிவத்தில் எல்லாவற்றையும் அதிலிருந்த கிரிப்டோ பர்ஸ் செயலியே நிரப்பி, காசையும் கட்டிவிட்டது.

மறுநாள் பொட்டலத்தோடு வந்த டெலிவரிப் பெண் ஜெசிந்தா வாசலில் தயங்கினாள்.

"சார், நீங்க இல்லன்னா யார்கிட்ட குடுக்கணும்ங்கிற இடத்துல என் பேரு இருக்கு."

"அது தானா போட்டுக்குதும்மா. நான் யார்கிட்ட அதிகம் பேசுறேனோ, அவங்க பேரை எடுத்துக்கும்."

"நான் மாசத்துக்கு ரெண்டு வாட்டிதானே சார் வர்றேன்?"

தயாபரன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"மாத்திடுங்க சார். ஆபீஸ்ல கேக்குறாங்க."

அவள் போனதும் போனை எடுத்து அந்தப் பெயரை அழித்தார். வேறு பெயர் கொடுக்காமல் படிவம் மூடமாட்டேன் என்றது. வெகுநேரம் யோசித்தார். பிறகு ஜெசிந்தா என்று, இந்த முறை தன் கையாலேயே அடித்தார்.