கேன்டீன் போராட்டம்

“சார், சாயங்காலத்துக்குள்ள முடிவு தெரியணும். இல்லைன்னா நாளைக்குக் காலையில மொத்தக் காலேஜும் கேன்டீன் வாசல்லதான் உட்கார்ந்திருக்கும்!”

மாணவர் தலைவி ஒரே போடாகப் போட்டாள். வாயருகே கொண்டுபோன டீயைக் கல்லூரி முதல்வர் அப்படியே மேஜையில் வைத்தார்.

அவருக்குத் தன் மேல்தான் கோபம். தலைமைப் பண்புப் பயிற்சி முகாமில் வாயைத் திறக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் இவள். தலைவி பதவிக்கு ஆள் தேடியபோது, ‘இதுதான் தொந்தரவு தராத பிள்ளை’ என்று அவரேதான் பேசிப் பேசித் தேர்தலில் நிற்கவைத்தார். ஜெயித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவர் கண்ணிலேயே விரலை விட்டு ஆட்டுகிறாள்.

“நாளைக்கு என்ன நாள்னு தெரியும்ல? இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்க ஒரு பெரிய கம்பெனியிலேருந்து வர்றாங்க. காலேஜ் பிடிச்சுப்போச்சுன்னா ஸ்காலர்ஷிப்பும் தர்றதாச் சொல்லியிருக்காங்க. அவங்க முன்னாடி மானத்தை வாங்கிடாதேம்மா.”

“தெரியும் சார். அதனாலதான் இன்னைக்கே வந்தேன்.”

“அப்படி என்னதான் குறை கேன்டீன்ல?”

“எது குறை இல்லைன்னு கேளுங்க சார். தண்ணியில துரு வாடை. மதியச் சாப்பாடு கிளாஸ் எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வருது. உள்ளே போனா, புகையில பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது யாருன்னே தெரியலை.”

வெளியே வராந்தாவில் மாணவர்கள் கோஷம் போடும் சத்தம் கேட்டது. முதல்வர் அவசர அவசரமாகக் கேன்டீன்காரம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

இந்த வருடம்தான் கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த அந்த அம்மாள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நுழையும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“இந்தப் பொண்ணா சார்? இதுக்கு என்ன தெரியும்னு என் சமையலைக் குறை சொல்லுது?”

“நீங்க போடற சாப்பாட்டைத்தானே மேடம் தினமும் சாப்பிடறேன்? இதுக்கு மேல என்ன தெரியணும்?”

“அதைச் சாப்பிட்டுட்டுதானே இவ்வளவு தெம்பாக் கத்துறே!”

“ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுமையாப் பேசுங்க” என்றார் முதல்வர். யார் காதிலும் விழவில்லை.

“நான் என்ன சார் மந்திரமா போட முடியும்? இருக்கிறது ஒத்தை அடுப்பு, அதுவும் அரை உயிர். புகைபோக்கி எப்பவோ அடைச்சுப்போச்சு. குழாயைத் திறந்தா தண்ணி செங்கல் நிறத்துல வருது. உங்ககிட்டக் கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலிக்குது. ‘பார்க்கலாம், பார்க்கலாம்’னே அனுப்பிடறீங்க.”

முதல்வர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“அந்தக் கதையெல்லாம் எங்களுக்கு எதுக்கு?” தலைவி மேஜையைத் தட்டினாள். “ஒழுங்கா நடத்த முடியலைன்னா காலி பண்ணிட்டுப் போங்க!”

“பேச்சைப் பாருங்க சார்! பெத்தவ வளர்த்த லட்சணம் அப்படி!”

தலைவியின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. “எங்கம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க! அவங்க என்னை நல்லாத்தான் வளர்த்திருக்காங்க!”

கேன்டீன்காரம்மா சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. ஐயோ, அழவே ஆரம்பித்துவிட்டாளே என்று முதல்வர் ஆடிப்போனார். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் கோஷம் இன்னொரு படி ஏறியது.

“போதும்! நிறுத்துங்க ரெண்டு பேரும்!” போனை எடுத்தார். பராமரிப்புப் பிரிவைப் பிடித்தார். “கேன்டீனுக்குப் புது அடுப்பு. புகைபோக்கியைப் பிரிச்சு மாட்டுங்க. குழாய் மொத்தத்தையும் மாத்தணும். நாளைக்கு இல்லை, இப்பவே. என்னது, என் கையெழுத்தா? போட்டாச்சுன்னு வச்சுக்கோங்க!”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “இனிமே சாப்பாடு நேரத்துக்கு வரணும், அம்மா.”

“அடுப்பு எரிஞ்சா ஏன் சார் வராது? மணியடிக்கிறதுக்கு முன்னாடி தட்டு மேஜையில இருக்கும்.”

“நீ என்னம்மா சொல்றே?”

“வந்தா சரி. போராட்டம் வாபஸ்.”

“ரெண்டு பேரும் கைகுலுக்குங்க.”

சூடான எதையோ தொடுவதுபோல விரல் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஆளுக்கொரு பக்கமாக நடையைக் கட்டினார்கள்.

சாயங்காலம் முதல்வர் காரை எடுக்கக் கீழே வந்தார். கேன்டீன் பக்கமிருந்து குழாய் தட்டும் சத்தம் இதமாகக் காதில் விழுந்தது. கொதித்துக்கொண்டிருந்த பிரச்சினையை ஒற்றை ஆளாக ஊதி அணைத்துவிட்ட பெருமை அவருக்கு. நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் முன்னால் தலைமைப் பண்பைப் பற்றிப் பேசும்போது, பெயர் சொல்லாமல் இதையும் சேர்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

தூணுக்கு அந்தப் பக்கம் கேன்டீன்காரம்மா ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தாள். மாணவர் தலைவி அவளை நோக்கி ஓடிவந்தாள். சண்டை மறுபடியும் ஆரம்பமா என்று முதல்வர் பதறிப்போய் நின்றுவிட்டார்.

தலைவி ஒரே தாவலில் பின்சீட்டில் ஏறி, அந்த அம்மாளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“ரொம்பக் கத்திட்டேனாம்மா?”

“இன்னும் கொஞ்சம் கத்தியிருந்தா ரெண்டு அடுப்பாக் கேட்டிருப்பேன்டி. சரி, கெட்டியாப் பிடிச்சுக்கோ, என்ன ஆச்சுன்னு தெரியாம உங்கப்பா வீட்டுல தவிச்சுக்கிட்டு இருப்பார்!”