பெட்டி சரியாகட்டும்

ஓடிக்கொண்டிருப்பதை ஓடவிட இப்போது யாருக்கும் மனசு வருவதில்லை. நேற்று வந்ததை இன்றைக்கே போட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வருகிறது. போட்டுவிட்டு, எல்லாம் நின்றுபோனதும் பேயறைந்த மாதிரி முழிப்பார்கள்.

அந்த ஆஸ்பத்திரி லேப்பிலும் அப்படித்தான் முழித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் நெஞ்சைக் கையால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. செருப்பை வாசலில் விட நம்பாமல் துணிப்பையில் சுருட்டி மடியில் வைத்திருந்தார்.

"பெரியவரே, நெஞ்சு வலிக்குதா?" லேப்காரப் பெண் பதறிப்போய் எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீ உன் பெட்டியைப் பாரு."

ரத்தம் பார்க்கிற கம்ப்யூட்டர் பெட்டியில்தான் உயிர் இல்லை. மாடியில் அவர் மனைவி ஆபரேஷன் மேஜையில் கிடந்தாள், குடல் வெடித்துவிட்டது. அவளோ இதயக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தின்கிறவள். ரத்தம் சரியாக உறைகிறது என்று லேப் சொன்னால்தான் டாக்டர் கத்தியைத் தொடுவார். உறையாத உடம்பில் கத்தி வைத்தால் ஆள் மிஞ்ச மாட்டாள். ரொம்ப நேரம் காத்திருந்தாலும் மிஞ்ச மாட்டாள்.

பெரியவர் வந்தபோதே, "ரத்தம் எடுத்த டியூபைத் தட்டுல வச்சுட்டு உட்காருங்கப்பா" என்று அந்தப் பெண் திரும்பிப் பாராமல் சொல்லியிருந்தாள். திரும்பிப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்? கம்ப்யூட்டர்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையில நான் வந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"பெட்டியை ஓட்டுற லினக்ஸ்ல பெரிய அப்டேட் வந்துச்சுக்கா. போட்டேன்."

"யாரு போடச் சொன்னா?"

"போடலைன்னா ஏன் போடலைன்னு கேப்பாங்க."

"சரி, இப்ப என்னதான் ஆச்சு?"

அவன் கீபோர்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நம்ம ரத்தப் புரோகிராம் பழசுக்கா. கணக்குப் போடறதுக்கு ஒரு லைப்ரரியை நம்பி ஓடுது. எடுபிடி ஆள்னு வச்சுக்குங்க. அப்டேட் அந்தப் பழைய ஆளைத் துரத்திட்டுப் புது ஆளை வச்சிருச்சு. புரோகிராம் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிடுது, யாரும் வரல. படுத்துருச்சு."

"அப்ப பழைய ஆளையே கூட்டிட்டு வாயேன்யா" என்றார் பெரியவர் பெஞ்சிலிருந்தே.

"தேடிக் கொண்டுவந்து வைக்கணும் பெரியவரே. நேரமாகும்."

போன் அடித்தது. மாடியிலிருந்து டாக்டர். அவர் போட்ட சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. "என்னம்மா, அந்த அம்மாவைக் கொல்லப் பாக்கறீங்களா? நாடி விழுந்துட்டே இருக்கு!"

பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. போனை வைக்கக்கூட மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு குறுக்குவழி இருக்கு" என்றான் கம்ப்யூட்டர்காரன் மெதுவாக. "புது லைப்ரரிக்குப் பழைய பேரை ஒட்டி வச்சிடறேன். புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய ஆள்தான் வந்திருக்கான்னு நினைச்சுக்கிட்டு எந்திரிச்சிடும்."

"தப்பா ஏதும் காட்டாதே?"

"ஓடும்க்கா."

அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. அது அவளுக்கும் தெரியும். பயத்தில் தலையை ஆட்டிவிட்டாள்.

"பேரை மாத்தினா ஆளு மாறிருவானா?" என்றார் பெரியவர்.

"ஐயா, கொஞ்ச நேரம் சும்மா இருங்க!"

கம்ப்யூட்டர்காரன் டக்டக்கென்று ஏதோ தட்டினான். திரை ஒருமுறை கறுத்தது. அப்புறம் புரோகிராம் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்தது. அவள் ஜன்னலோரத் தட்டை அப்படியே தூக்கி மெஷினுக்குள் தள்ளினாள். மெஷின் உறுமியது.

மாடியிலிருந்து வந்த பெயர்கள் ஏற்கெனவே திரையில் வரிசையாக இருந்தன. அத்தனை பெயருக்கு நேராகவும் ஒரே மூச்சில் எண்கள் வந்து விழுந்தன. பெரியவரின் மனைவி பெயருக்கு நேரே பச்சை. எந்தக் கோளாறும் இல்லாத, குளிர்ச்சியான பச்சை.

பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. போனில் கத்தினாள். "நல்லா உறையுது டாக்டர்! நீங்க ஆரம்பிக்கலாம்!"

மாடியில் ஆபரேஷன் அறைக் கதவு சாத்தப்படுகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

"பாத்தீங்களாக்கா? வீணா பயந்தீங்க" என்று கம்ப்யூட்டர்காரன் நாற்காலியில் சாய்ந்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலில் தலையை நீட்டினாள். "அப்பா, இனி பயமே இல்ல. பரிசோதனை முடிஞ்சிருச்சு. அம்மாவோட ரத்தம் ரொம்ப நல்லா இருக்கு."

பெரியவர் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது. நெஞ்சில் வைத்த கையை எடுக்காமலே எழுந்து, மடியிலிருந்த செருப்புப் பை விழுந்ததைக்கூடக் கவனிக்காமல், மாடிப்படியை நோக்கி ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்.

"என்னப்பா, இன்னும் நம்பிக்கை வரலையா?"

பாதிப் படியிலிருந்து, திரும்பாமலே கத்தினார்.

"பெட்டி சரியாகட்டும்னு அவ ரத்தத்தை இன்னும் என் சட்டைப்பையிலதாம்மா வச்சிருக்கேன்!"